பார்வை பட்ட ஹெரால்டு

வேப்பமரம் விழுந்து செத்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தப்பட்ட ஒரு ஹெரால்டு காரை, டிரைவிங் ஸ்கூல் டீச்சர் கருணாம்பிகை ஏலத்தில் எடுத்து வந்து, அது பிழைத்தெழுந்து திருச்செங்கோட்டுச் சாலைகளில் ஓடிய அந்த ஒரு வருஷத்தில்தான், எங்கள் வேலாத்தா கோயில் தெருக்காரர்களில் யாருக்கு எவ்வளவு பொறாமை என்பதைத் தகரத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

கருணாம்பிகைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருஷமாக ஊர்ப் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். நர்சுகளும், பேங்க் ஆபீசர்களும், போர்வெல் போடும் ரிக் லாரி முதலாளிகளின் வீட்டம்மாக்களும் அவளிடம் கிளட்ச் மிதிக்கக் கற்று, லைசென்ஸ் வாங்கி, கார் வாங்கி, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் புருஷன் குழந்தைவேல் போர்வெல் ரிக் வண்டியில் மேனேஜர். வருஷத்தில் பாதி நாள் ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வெளி மாநிலத்துப் பூமியைத் துளை போட்டுக்கொண்டிருப்பார். மீதி நாள் வீட்டில் இருந்து காய் நறுக்கிக் கொடுப்பார், துணி காயப் போடுவார், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். மகளைக் கோபியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

சென்னைக்கு வெளியே, இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டிகளைக் குவித்து வைத்திருக்கும் ஒரு யார்டுக்கு அவள் போனது டிரைவிங் ஸ்கூலுக்குப் பழைய வண்டி பார்க்கத்தான். அங்கே முட்டிக்கொண்ட வேன்களுக்கும் எரிந்துபோன டாக்ஸிகளுக்கும் நடுவில், பாலாடை நிறமும் பாசிப்பச்சையுமாக, ஐம்பது வருஷத்துக்கு முந்தின ஹெரால்டு ஒன்று நின்றது. புயலில் ஒரு டாக்டர் வீட்டு வேப்பமரம் அதன் மேல் விழுந்து, கூரை சீட்டு வரைக்கும் இறங்கியிருந்தது.

“அம்மா, அது வண்டி இல்ல,” என்றான் யார்டுக்காரன். “டோட்டல் லாஸ்னு எழுதிட்டாங்க. ஆர்.சி. புக்குல செவப்பு மசியில ஒரு வரி இருக்கும், அது ஜென்மத்துக்கும் போகாது. நாளைக்கு நீங்க வித்தா எவனும் வாங்க மாட்டான். இடிச்சா எந்தக் கம்பெனியும் பைசா தராது. பொணத்தை வாங்கிட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க?”

கருணாம்பிகை குனிந்து, நசுங்கின கூரைக்கும் கதவுக்கும் இடையில் கிடைத்த சந்தில் கையை விட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். மெல்லிசான ஸ்டியரிங். அவள் கைக்குச் சரியாக இருந்தது.

“லாரியில ஏத்துங்க,” என்றாள்.

எங்கள் ஊர், ரிக் லாரிகளுக்குப் பாடி கட்டுகிற ஊர். இரும்புச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. அதிலும் தகரத்தைத் தட்டிப் பார்த்தே அது எங்கே, எப்போது, எதனால் வளைந்தது என்று சொல்லிவிடக்கூடியவன் டிங்கர் மாதேசு. அவன் பட்டறையில் எட்டு மாசம் கிடந்தது அந்த வண்டி. தினமும் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் கருணாம்பிகை அங்கே போய் ஒரு காலி டின்மேல் உட்கார்ந்துகொள்வாள். மாதேசு கூரையை ஒவ்வொரு விரற்கடையாக மேலே எடுத்தான். கடைசியில் தை மாசத்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாலாடை மேலே பச்சை கீழே என்று பளபளத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் விளக்குக்கு மேலே புருவம் தூக்கினாற்போல முகத்தை வைத்துக்கொண்டு, அந்த வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. ஓட்டி வந்தவளும் அப்படித்தான் இருந்தாள். இத்தனை வருஷம் நாங்கள் பார்த்த கருணாம்பிகை எந்நேரமும் அடுத்தவர் செய்யப்போகும் தப்புக்குத் தயாராக இருப்பவள். அன்றைக்கு ஓட்டி வந்தவளுக்கு ஒரு தயாரிப்பும் இல்லை, இருபது வயசு முகம்.

தெருவே வெளியே வந்து பார்த்தது. மறுநாள் காலை வண்டியின் பின்பக்கம், பெட்ரோல் மூடிக்குக் கீழே, இட்லித் தட்டுக் குழி மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அதற்கடுத்த நாள் இடது மட்கார்டில் இரண்டு. ஒரு வாரத்தில் ஏழு.

பந்து பட்டிருக்கும் என்றார்கள், பூனை குதித்திருக்கும் என்றார்கள். மாதேசு வந்து முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்தையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டான்.

“இது அடி இல்லீங்க டீச்சர். அடி பட்டா பெயிண்ட் பேந்திருக்கும். இதுல பெயிண்ட் அப்படியே இருக்குது, தகரம் மட்டும் உள்ள வாங்கியிருக்குது. இது பார்வைங்க. கண்ணு பட்டிருக்குது.”

“மத்தவங்க வண்டியெல்லாம் தெருவுல நிக்கலையா மாதேசு? அதுக்கெல்லாம் படாத கண்ணா?”

“படுமுங்க. ஆனா அதுகளுக்குச் செத்த அனுபவம் இல்ல. திமிரா நின்னு திருப்பி அனுப்பிரும். இது ஒருக்கா செத்துப் பொழைச்சது. தோலு ஒரு சுத்து கம்மிங்க,” என்று சொல்லிவிட்டு, பெட்ரோல் மூடிக்குக் கீழே இருந்த பள்ளத்தைக் காட்டினான். “இது பொம்பளைங்க பார்வை. வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க. சொந்த வண்டியும் இருக்குது.”

அப்படிப்பட்டவள் எதிர்வீட்டு உண்ணாமலை ஒருத்திதான். பைனான்ஸ்காரர் பெண்டாட்டி. நாங்கள் சண்டை வருமென்று காத்திருந்தோம். ஆனால் உண்ணாமலை ஒரு கிண்ணத்தில் வெல்லக் கச்சாயப் பலகாரம் போட்டு எடுத்துக்கொண்டு அவளே தெருவைக் கடந்து வந்தாள்.

“என்னுதுதானுங்க டீச்சர். கறிகாய் வாங்கிட்டு வந்தப்ப பாத்தனுங்க. என்ற வண்டி கப்பலாட்டம் நிக்குது, ஒருத்தனும் திரும்பிப் பாக்கறதில்ல. உங்களுதப் பாத்ததும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அப்பவே ‘டொக்’குனு ஒரு சத்தம் கேட்டுது. நான் வேற எங்கியோன்னு நெனச்சேன்.” பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “பரவால்லீங்க, நல்லாத்தான் பட்டிருக்குது.”

அவள் ஒப்புக்கொண்டதும் எல்லாருக்கும் வாய் திறந்துகொண்டது. மளிகைக்கடைக்காரர் தன்னுடையது டிக்கிமேல் இருப்பது என்றார். சத்துணவு டீச்சர் வந்து, பின்கதவில் நீளமாகக் கோடு இழுத்தாற்போல இருந்ததைப் பார்த்துவிட்டு, “பஸ்ல போயிட்டே பாத்தது, அதான் இழுத்துருச்சு” என்றாள். மாதேசு வாரத்துக்கு ஒரு நாள் மரச் சுத்தியலோடு வந்து எல்லாவற்றையும் உள்பக்கமிருந்து தட்டி எடுத்துவிடுவான். அடுத்த வாரத்துக்குள் புதிதாக வந்துவிடும். மழை வந்தால் துணி எடுப்பதைப் போல, பால் பொங்கினால் அடுப்பை அணைப்பதைப் போல, பார்வை பட்டால் மாதேசைக் கூப்பிடுவது எங்கள் தெருவின் வழக்கங்களில் ஒன்றாகிப் போயிற்று. டீக்கடைக்காரர் பெஞ்சுகளைத் திருப்பி முதுகு தெருப்பக்கம் இருக்கும்படி போட்டார். சில பேர் அந்த வீட்டைத் தாண்டும்போது குடையைச் சாய்த்துப் பிடித்தார்கள். சந்தையில் கறுப்புக் கண்ணாடி விற்கிறவர் வாரம் இருமுறை எங்கள் தெருவுக்கென்றே வந்தார். வண்டிக்குப் போட்ட துணி உறை பிரயோஜனப்படவில்லை. உறைக்கு உள்ளே தகரம் அமுங்கிற்று.

பிறகு அது மரியாதைக்கான விஷயமாக மாறியது. ரிட்டயர்டு தாசில்தார் பொன்னுரங்கம் ஒரு நாள் காலை வண்டியின் முன்னால் வந்து நின்று பத்து நிமிஷம் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. “எனக்குப் பொறாமைப்படக்கூடத் தெம்பில்லைன்னு ஊரு சொல்லாது?” என்று இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தார். நான்காம் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், காப்பி குடித்ததும், பெண்ணை அந்த வண்டிப் பக்கம் ஒரு நடை நடக்கச் சொல்லிக் கேட்டார்கள். எப்படிப்பட்ட மனசு என்று தெரிந்துவிடும் அல்லவா. பெண் நடந்தாள், ஹெட்லைட்டைக்கூடத் தடவிப் பார்த்தாள், ஒரு கீறல் விழவில்லை. பின்னால் நடந்து வந்த மாப்பிள்ளை பார்த்ததில்தான் முன் பம்பருக்கு மேலே தேங்காய் மூடி அளவுக்கு உள்ளே போயிற்று. கல்யாணம் நின்றது. பெண் வீட்டார் கருணாம்பிகைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள்.

இத்தனையிலும் ஒருவருடைய பார்வையில் மட்டும் குற்றமே இல்லை என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். அவர் குழந்தைவேல். காலையும் மாலையும் கேட்டைத் திறந்துவிடுகிறவர், வண்டியைக் கழுவித் துடைக்கிறவர், பெண்டாட்டி பெயரில் வண்டி வந்ததற்கு முகம் சுளிக்காதவர். தெருவில் யார் புது வண்டி வாங்கினாலும் முதல் தேங்காய் உடைக்க அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கூச்சத்தோடு போய் உடைத்துவிட்டு வருவார்.

ஆனால் டிரைவர் பக்கக் கதவில் ஒரு பள்ளம் இருந்தது. முதலில் கட்டைவிரல் அழுத்தினாற்போல இருந்தது, பிறகு உள்ளங்கை அளவுக்கு ஆயிற்று, ஆடி மாசத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. மாதேசு அதை மட்டும் எடுக்கவில்லை.

“அது மரத்தடிங்க டீச்சர். பழசு. மறுபடி மறுபடி எறங்கும். அதைத் தொட்டா கதவே கிழிஞ்சுரும்,” என்றான், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மரம் கூரைமேல் விழுந்தது, கதவில் எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை இரண்டு மாசம் மனசில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேல் ஆவணி முழுக்க ராய்ப்பூர் பக்கம் ரிக்கோடு போயிருந்தார். கதவு அப்படியே இருந்தது. புரட்டாசி முதல் வாரம் திரும்பி வந்தார். மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவர் கேட்டைத் திறந்துவிட, அவள் வண்டியை வெளியே எடுத்து, தெருவில் திருப்பி, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுகிற நேரத்தில், கதவுத் தகரம் உள்பக்கமாக நகர்ந்து அவளுடைய வலது முழங்காலை வந்து தொட்டது. மெதுவாக, ஒரு மாடு மூக்கை வைத்துத் தள்ளுவதுபோல. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தைவேல் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு அவள் வகுப்புக்குப் போகவில்லை. நேராக மாதேசின் பட்டறைக்குப் போனாள்.

“யாருன்னு உனக்கு மொதல் நாளே தெரியும்.”

மாதேசு சுத்தியலைக் கீழே வைத்தான். “தெரியுமுங்க.”

“ஏஞ் சொல்லல?”

“ஊருக்காரங்க பார்வைன்னா சொல்லலாமுங்க. தட்டி எடுத்தர்றேன், முடிஞ்சுபோகுது. இது ஊட்டுக்குள்ளது. இதுக்கு எங்கிட்டச் சுத்தியல் இல்லீங்க.”

வீட்டுக்கு வந்தாள். குழந்தைவேல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவள் சாவியை அவர் முன்னால் இருந்த முறத்தில் போட்டாள்.

“ஏனுங்க, என்ற வண்டி மேல உங்களுக்கு என்ன?”

அவர் கீரையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். மறுப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். மறுத்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“வண்டி மேல இல்ல கருணா.”

“பின்ன?”

“கேட்டைத் தாண்டுனதும் உன்ற மூஞ்சி மாறுது. தெனமும் பாக்கறேன். இருவத்தி மூணு வருசத்துல அந்த மூஞ்சிய இந்த ஊட்டுக்குள்ள நான் ஒரு நாளும் பாத்ததில்ல. கல்யாணத்தன்னிக்குப் பாக்கல, புள்ள பொறந்தப்பப் பாக்கல. அந்த மூஞ்சி உங்கிட்ட இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. அந்த ஓட்டைத் தகரத்துக்கு அதைக் குடுத்திருக்கறயேன்னு…” நிறுத்தினார். “நான் வேணும்னு பாக்கல. கண்ணு தானாப் போகுது.”

“ஊர்ல எல்லாரும் ஒருக்கா பாத்தாங்க, வந்து சொன்னாங்க, போயிட்டாங்க. நீங்க தெனமும் கேட்டையும் தொறந்துவிட்டுட்டு, தெனமும் பாத்திருக்கறீங்க. ஊருக்கெல்லாம் தேங்காயும் ஒடைச்சுட்டு!”

அவர் தலை நிமிரவில்லை. “இன்னொண்ணும் இருக்குது. இந்தியாவுல நான் பாக்காத ரோடு இல்லைங்கறாங்க. எல்லாம் லாரியில இடது பக்கச் சன்னல்ல பாத்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. மேனேஜர்னா தெரியும்னு நெனச்சுக்கறாங்க. நீயுங்கூட அப்படித்தான் நெனச்சே.”

அது உண்மைதான். ஊரில் இத்தனை பெண்களைக் கைபிடித்துச் சாலைக்குக் கொண்டுவந்தவளுக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனாலும் அவளுக்குக் கோபம் போகவில்லை. முறத்திலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் அவள் வண்டியைக் கிளப்பும்போது அவர் வீட்டின் பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். கேட்டை அவளே இறங்கித் திறந்து அவளே மூடினாள்.

தெருவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உண்ணாமலை தன் வாசலில் நின்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு தேங்காய் உடைக்க யாரும் அவரைக் கூப்பிடவில்லை. டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு மழையைப் பற்றிப் போகும். உண்ணாமலைக்கு மட்டும் வேறு வருத்தம். கதவுப் பள்ளத்தின்மேல் தன் கையை விரித்து வைத்து அளந்து பார்த்துவிட்டு, “நானும் இத்தனை நாளாப் பாக்கறேன், கட்டுன புருசன் அளவுக்கு வர மாட்டேங்குதே” என்று புலம்பிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் வண்டியைக் கிளப்பப் போனபோது, இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு குழந்தைவேல் ஏறி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

“என்ன?”

“டிரைவிங் ஸ்கூல்ல சேரணும். எத்தன மணிக்கு வகுப்பு?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதை அவள் காட்டவில்லை. “அங்க பொம்பளைங்களுக்கு மட்டுந்தான்,” என்றாள். பிறகு, “ஆறு மணிக்கு எந்திரிக்க முடியுமா?” என்று கேட்டாள்.

மாட்டுச்சந்தை கூடாத நாட்களில் காலை ஆறு மணிக்குச் சந்தை மைதானம் காலியாக இருக்கும். அங்கேதான் கற்றுக்கொடுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு வாய்த்த மாணவர்களிலேயே மோசமானவர் அவர்தான். கிளட்சை விட்டால் வண்டி குதித்து நின்றது. கியரைப் பார்த்தால் ஸ்டியரிங் போயிற்று. ஸ்டியரிங்கைப் பார்த்தால் மாடு கட்டும் முளைக்கம்பு வந்தது. “காலை மெதுவா எடுங்கன்னா எடுக்கறது இல்ல! பூமிக்குள்ள ஆயிரம் அடி எறக்கறீங்க, ஒரு பெடலு எறக்கத் தெரியாதா?” என்று அவள் கத்துவது ரோடு வரைக்கும் கேட்டது. நடைப்பயிற்சி போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க டீச்சர்” என்று மறுபடி சாவியைத் திருப்புவார். அந்த ஒரு மாசத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது, அதற்கு முந்தின பத்து வருஷத்தில் பேசிக்கொண்டதைவிட அதிகம். எல்லாம் பிரேக்கைப் பற்றியும் கிளட்சைப் பற்றியும்தான். கதவுப் பள்ளம் குறையவும் இல்லை, பெருகவும் இல்லை. மாதேசு வந்து தட்டிப் பார்த்துவிட்டு, “இது இப்படியே இருக்கட்டுமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கார்த்திகை மாசம் ஒரு காலையில், மழை பெய்து ஓய்ந்திருந்தது. மைதானமெல்லாம் சேறு. “ரோட்டுக்கே போலாம்” என்றாள் கருணாம்பிகை. வேலூர் ரோட்டில், ஊரைத் தாண்டியதும், இரண்டு பக்கமும் கரும்புக் காடு. அவர் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு பஸ் எதிரே வந்தது. ஒதுங்கி வழி விட்டார். ஒரு டிராக்டரைத் தாண்டினார். மூன்றாவது கியருக்கு மாற்றியபோது வண்டி குதிக்கவில்லை, முனகவில்லை, தண்ணீரில் போவதுபோலப் போயிற்று. குழந்தைவேலுக்கே அது நம்ப முடியவில்லை. பிடி தளர்ந்தது. முதுகு சீட்டில் சாய்ந்தது. கழுத்தை லேசாக நீட்டிக்கொண்டு, எதிரே நேராக நீண்டு கிடந்த ஈர ரோட்டைப் பார்த்தார்.

கருணாம்பிகை திரும்பிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயசு மனுஷன் முகத்தில் சுருக்கம் எல்லாம் எங்கேயோ போயிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த முகத்தில் அவள் இல்லை, வீடு இல்லை, ஊர் இல்லை. ரோடு மட்டும்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாத ஒரு ஆள், அவளுடைய வண்டியில், அவளுடைய சீட்டில், அவளை மறந்துபோய்ச் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தான். அவள் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டாள்.

‘டொக்’ என்றது.

அவளுக்கு நேர் எதிரே, பானெட்டின் இடது பக்கத்தில், மாதேசு இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கிய பச்சைத் தகரம், வெற்றிலை அளவுக்கு, பெயிண்ட் கொஞ்சமும் பேராமல், மெதுவாக உள்ளே இறங்கியது.

“என்ன சத்தம் அது?” என்றார் குழந்தைவேல், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கல்லு,” என்றாள் கருணாம்பிகை. “டிராக்டர் டயர்ல இருந்து தெறிச்சிருக்கும். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

“கிளட்ச்சை மிதிங்க,” என்றாள். பிறகு அவள் கியர்மேல் இருந்த அவருடைய கையின்மேல் தன் கையை வைத்து, அவர் கேட்காமலே நான்காவதுக்குத் தள்ளினாள்.